நெட்டில் இன்னொரு ஆள்

எங்கள் வீட்டுக்கு வயர்லெஸ் வந்ததற்கு எலிதான் காரணம்.

ராயபுரத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். கணவருக்குத் தண்டையார்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை அது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

டெலிபோன் லைன் வந்து இறங்கியது தெருப்பக்க ஹாலில். அங்கே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடியாது. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தில், டாக்டர் சொன்னது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்றே தெரியாது. அது மருந்தின் அளவு. ஊகித்து எழுதக் கூடாது. அதனால் பின்னறைக்கு மேஜையை மாற்றி, மோடத்திலிருந்து சுவரோரமாக வயர் இழுத்திருந்தோம். அதைத்தான் எலி கடித்தது. கயிற்றுக் கட்டோடு கடையிலிருந்து வந்த எலி என்பது என் சந்தேகம். கணவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறையும் கடித்தபோது அவர் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு வயர்லெஸ் ரூட்டர் வாங்கி வந்தார். இரண்டு கொம்பு வைத்த சின்னப் பெட்டி. மேஜையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது காத்துல அனுப்புதுன்னா, நமக்கு மட்டும் வரும்னு என்ன நிச்சயம்? அடுத்த வீட்டுக்கும்தானே போகும்?"

"பாஸ்வேர்டு போட்டா போகாதுங்க."

"போட்டிரு, போட்டிரு" என்றார். கடைக்குப் போகும்போது வாசலில் நின்று இன்னொரு முறையும் சொல்லிவிட்டுப் போனார்.

போடத்தான் பார்த்தேன். கம்பெனி கொடுத்த லேப்டாப் பழையது. அதில் வயர்லெஸ் கிடையாது. விரல் நீளத்துக்கு ஒரு சாமானைப் பக்கத்தில் செருக வேண்டும். பாஸ்வேர்டு போட்டால் அந்தச் சாமான் ரூட்டரோடு சேராது. எடுத்துவிட்டால் உடனே சேர்ந்துகொள்ளும். அரை நாள் இதே போராட்டத்தில் போனது. அனுப்ப வேண்டிய வேலை குவிந்துகொண்டே போனது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று திறந்தே விட்டேன். கணவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் எந்த இடத்தில் வைப்பது என்கிற பாடு. பீரோ மேல் வைத்தால் பின்னறைக்குச் சிக்னல் ஒரு கோடுதான் வந்தது. இரும்பு பீரோ பாதியை விழுங்கிவிட்டது. ஹால் ஜன்னலில் வைத்தால் தெருவுக்குத்தான் நன்றாகப் போனது. திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி ஒவ்வொரு அறையாக, மாடிப்படிவரை போய்க் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ஆரத்தித் தட்டாட்டம் தூக்கினு சுத்தினு கீற?"

"சிக்னல் எங்க நல்லா வருதுன்னு பாக்கறேன்மா."

"வயரே இல்லாமயா? அதான் ரெண்டு நாளா எனுக்குத் தல நோவுது."

பெட்டியை அன்று காலையில்தான் பிரித்திருந்தேன். கடைசியில் ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே கதவு நிலைக்கு மேல் ஒரு பலகை அடித்து வைத்ததும் நான்கு கோடு வந்தது. லாரி சத்தம் எட்டாத பின்னறையில், காலில் வயர் தட்டாமல் உட்கார்ந்து முதல் ஃபைலை அனுப்பியபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

பெருமை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. காலையில் சட்டென்று போகும் ஃபைல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நகரவே நகராது. பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சூடு ஏறுகிறதோ என்று ரூட்டருக்கு மேசை விசிறி வைத்தேன். டெலிபோன்காரர்களிடம் கேட்டேன், லைன் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாள் லேப்டாப்பில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அதில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். என் லேப்டாப் ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி. பெயர் இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஏதோ ஒன்று.

வீட்டுக்குள் நடந்து போய்க் குளியலறைக் கதவையெல்லாம் திறந்து பார்த்தேன். அப்படிச் செய்ததில் அர்த்தமே இல்லை என்று தெரிந்துதான் செய்தேன்.

அந்தச் சமயம் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. எந்த ஊரிலோ ஒரு வீட்டின் வயர்லெஸை வெளியாள் யாரோ பயன்படுத்தி மிரட்டல் மெயில் அனுப்ப, போலீஸ் வந்து நின்றது வீட்டுக்காரர் வாசலில். எங்கள் கம்பெனியிலும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: நோயாளிகளின் விவரம் போகும் நெட், வேறு யாரும் அதில் இருக்கக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

யாராக இருக்கும்? மொட்டை மாடி அறையில் ஓர் இளைஞன் இருந்தான். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, ஷிஃப்ட் முறை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். தோளில் எப்போதும் ஒரு தடித்த பை. நான் அவனைத்தான் முடிவு செய்தேன். அவன் படியில் இறங்கும்போது வேண்டுமென்றே கதவைத் திறந்து நின்று பையைப் பார்ப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக இறங்குவான். அது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

ஒரு மதியம் அந்த இரண்டாவது வரி தெரிந்த உடனே மாடிக்கு ஏறிப் போனேன். அவன் அறையில் பூட்டு தொங்கியது. வெயிலில் அவன் சட்டைகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. கீழே வந்து பார்த்தால் வரி அப்படியே இருக்கிறது.

ஆளைப் பார்க்க முடியாவிட்டால் திசையையாவது பார்க்கலாம் என்று தோன்றியது. ரூட்டரைப் பலகையிலிருந்து இறக்கித் தெருப்பக்க ஜன்னலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்துவிட்டது. பின்பக்கச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். திரும்ப வந்தது. மறுநாளும் அதே மாதிரி. அப்படியானால் ஆள் தெருவிலோ எதிர் வீட்டிலோ இல்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம்தான்.

பின்பக்கம் ஓர் இரும்புப் படி கீழே இறங்கும். உப்புக் காற்றில் துருவேறி, மிதித்தால் கிறீச்சிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். கீழே தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் வீட்டுக்காரம்மாவின் மருமகள்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவள் புருஷன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் குடிவந்ததே அவன் போன பிறகுதான். நான் அவனைப் பார்த்ததில்லை. அவள் காதில் ஹெட்போன் இருந்தது. திரையின் தலையில் கண் மாதிரி ஒரு கேமரா. திரையில் மீசை இல்லாத, ஒல்லியான ஒரு ஆணின் முகம். அவன் ஏதோ சொல்ல இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் படாரென்று மூடினாள்.

"அக்கா... அத்தைகிட்ட சொல்லிராதீங்கக்கா."

"யார் அது?"

"எங்க வூட்டுக்காருதான்க்கா. மெய்யாலுமே."

கப்பல் ரிப்பேருக்காக வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் நின்றிருக்கிறதாம். கரையில் மாலுமிகளுக்கான கிளப் ஒன்றில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். மதியம் அவன் அங்கே வருவானாம்.

"சரி, உங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்ன? அவங்க பிள்ளைதானே?"

"அவுரு கரையில கீறாருன்னே அத்தைக்குத் தெரியாதுக்கா. சொல்லாதன்னு அவுருதான் சொன்னாரு. போன் வந்தா அத்தைதான் பேசுவாங்க. எங்கைல குடுத்துட்டுப் பக்கத்துலயே நிப்பாங்க. சாப்ட்டியா, சாப்ட்டேன், வச்சிர்றேன். அவ்ளோதான் நாங்க பேசினது." தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாண சிடி பாக்கலாம்னு அவுரு வாங்கி வச்சிட்டுப் போன இதைத் தொறந்தேன். பூட்டு இல்லாம ஒண்ணு காட்டிச்சு, அதுல அவுருக்கு மெயில் போட்டேன். தப்புதான்க்கா."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நம்பினேனா என்றால், இல்லை. சொந்த அம்மாவிடம் பேசாமல் ஒளிகிற பிள்ளை யார்? அன்று சாயங்காலமே மோட்டார் போடச் சொல்லும் சாக்கில் கீழ்வீட்டுக்குப் போய், ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை உற்றுப் பார்த்தேன். அதில் இருந்தவனுக்குக் கன்னம் சதைப்பிடிப்பாக இருந்தது. பெரிய மீசை. நான் திரையில் பார்த்த முகத்தை அதில் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். அவனாக இருக்கலாம் என்றும் தோன்றியது, வேறு ஆள் என்றும் தோன்றியது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ்வேர்டு போடாததையும் சேர்த்து. அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு யார்கிட்டப் பேசினா நமக்கென்ன?" என்றார். "ஆனா நம்ம லைன்ல பேசுதே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்காரம்மா நம்மளத்தான் கேக்கும்."

மறுநாள் புதிதாக ஒரு செருகும் சாமான் வாங்கி வந்தார். இது பாஸ்வேர்டோடு முதல் தடவையே சேர்ந்துகொண்டது. நிரந்தரமாகப் பூட்டுவதற்கு முன்னால் கீழே போய் அவளிடம் சொன்னேன். கம்பெனி, வேலை, போலீஸ் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் துணி அலசிக்கொண்டே கேட்டாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பூட்டிய பிறகு ஃபைல்கள் சிட்டாகப் பறந்தன. பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரி, என்னுடையது. கீழே அந்தப் பெண் முகம் வீங்கி நடமாடுவது தெரிந்தது. ஜன்னல் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் போயிருக்கும். மதியம் வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். எப்போதும் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர், அன்று நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில், மகனோடு அதே கப்பலில் இருப்பவனின் அம்மாவைப் பார்த்திருக்கிறார்.

"கப்பலு கரையில நின்னுகினு கீதாம்மா. எம்மா நாளாவோ நிக்குதாம். அவ புள்ள தெனம் போன் பண்றானாம். எம்மவன் ஒரு தபா பண்ல." முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "இவளானா தெனம் மதியத்துல லேப்டாப்ப தூக்கினு பின்னால போய்க் குந்துவா, நாலு நாளா மூஞ்சைத் தூக்கி வச்சினு கீறா. கேட்டா ஒண்ணுமில்லன்றா. நான் கேக்கறதுக்கு மெய்யச் சொல்லு. உன் பொட்டில எம்மருமவ யார்கிட்டயாவது பேசறாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அன்றைய தேதிக்கு அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மாடி அறைக்காரனின் பையை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இங்கிருந்து இறங்கிப் போய் மருமகளைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்பது தெரிந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடட்டும் என்று இன்னொரு எண்ணமும் ஓடியது.

"உங்க மகன்கிட்ட பேசியிருக்காங்கம்மா. இப்பக்கூடப் பேசலாம். அவங்களை லேப்டாப்பை எடுத்துக்கிட்டு மேல வரச் சொல்லுங்க."

அவள் வந்தாள். அத்தையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பாஸ்வேர்டை நான் என் கையாலேயே அடித்தேன். அவள் கேமராவைச் செருகி, காதில் மாட்டாமல் சத்தத்தை வெளியே வைத்தாள். அழைத்த உடனே முகம் வந்துவிட்டது. காத்துக்கொண்டே இருந்திருப்பான் போல.

"இன்னாமே, நாலு நாளாக் காணோம்? நான் இங்க தெனம் வந்து குந்தினு..."

அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தான். அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டான். படம் உறைந்துவிட்டதோ என்று நான் ரூட்டரை நிமிர்ந்து பார்த்தேன். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

வீட்டுக்காரம்மா திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"யாருடா நீ? மீசை எங்க?"

"நான்தாம்மா. மழிச்சிட்டேன்."

"இன்னாத்துக்கு இப்டி எளச்சிக் கீற?"

"கப்பல் சாப்பாடும்மா."

"கரையில நின்னுகினு எனுக்கு ஏன் போன் பண்ல?"

அவன் சிம் கார்டு என்றான், வரிசை என்றான், வேலை என்றான். அம்மா எதற்கும் தலையாட்டவில்லை. அவன் முகத்தை விட்டுவிட்டு, திரையின் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"எம்மவன் கைய ஆட்டாம பேச மாட்டான். இவன் ஒத்தக் கைய மட்டும் ஆட்டிகினு கீறான்." குரலை உயர்த்தினார். "நைனா, அந்தக் கைய காட்டு."

"ஒண்ணுமில்லமா."

"காட்டுடா."

அவன் பக்கவாட்டில் பார்த்தான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து இடது கையை மெதுவாகத் தூக்கினான். மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. கட்டைவிரல் பக்கம் இயல்பாக இருந்தது. மறுபக்கம், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக முடிந்தது.

கப்பலில் கயிறு இழுக்கும் வின்ச் எந்திரத்தில் இரும்புக் கயிறு சுற்றும்போது கை சிக்கிக்கொண்டதாம். இரண்டு விரல் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் மீசையை எடுத்தார்களாம். அம்மாவிடம் போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் பேசவில்லையாம். இதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, வீட்டுக்காரம்மா ஆள்காட்டி விரலால் திரையில் அந்தக் கட்டின் மேல் தடவிக்கொண்டிருந்தார். அழவில்லை. "நோவுதாடா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அழுதது மருமகள்தான். "தெனம் எங்கிட்டப் பேசினியே. தெனம் என் மூஞ்சியப் பாத்து சிரிச்சியே" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஏதோ நான் கேட்டது மாதிரி சொன்னாள்: "அந்தக் கைய கீழயே வச்சிகினு கீறாரே, திரும்ப சிகரெட்டு புடிக்க ஆரம்பிச்சிட்டாரோன்னு நெனச்சேன்க்கா. கேக்கல. கேட்டா சண்டை வரும்னு கேக்காம உட்டுட்டேன்."

நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தெரியாது. அன்று அனுப்ப வேண்டிய ஃபைல் நகரவே இல்லை. கம்பெனியிலிருந்து கேட்டார்கள், லைன் சரியில்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு தினமும் மதியம் இருவரும் மேலே வந்தார்கள். பாஸ்வேர்டு அந்த லேப்டாப்பில் பதிந்துவிட்டதால் கீழேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரம்மாவுக்குப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தால்தான் படம் சரியாக வரும் என்ற எண்ணம். அம்மா கட்டைப் பார்ப்பார், சாப்பாட்டை விசாரிப்பார், கப்பல்காரர்களைத் திட்டுவார். மருமகள் பின்னால் நிற்பாள். கடைசியில் அவளுக்குக் கிடைப்பது பழையபடி சாப்ட்டியா, சாப்ட்டேன்தான். சில நாள் நான் மின்வெட்டு நேரம் பற்றிக் கேட்பது போல வீட்டுக்காரம்மாவை வாசலுக்கு அழைத்து நிறுத்திக்கொள்வேன். அவருக்கும் அது புரிந்திருக்கும். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார், ஆனாலும் உடனே உள்ளே போக மாட்டார்.

ரூட்டரின் பக்கத்தை நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. இப்போது அந்த இரண்டாவது வரி யாருடையது என்று தெரியும். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டதா என்று தேடினேன். மாடி அறை இளைஞன் படியில் எதிர்ப்பட்ட ஒரு நாள், அவன் பைக்குள் என்ன என்று கேட்டே விட்டேன். ஹெல்மெட்டும் சாப்பாட்டுக் கேரியரும் என்றான். ஜிப்பைத் திறந்தும் காட்டினான்.

கை ஆறியதும் மகன் ஊருக்கு வந்துவிட்டான். திரும்பக் கப்பலுக்குப் போகவில்லை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. நேரில் பார்த்தபோது போட்டோவில் இருந்த அதே ஆள்தான், மீசை மறுபடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னான்.

அவர்கள் வீட்டுக்கும் நெட் வந்தது. அதைப் பொருத்திய சாயங்காலம் மருமகள் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தாள். நானும் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து கரித்தூள் காற்று அடித்தது. துணிகளை உதறி உதறி மடித்தோம்.

"நீங்க பூட்டினதாலதான் அத்தைக்குச் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் அந்தக் கை தெரிஞ்சுது. அதைப் பத்தி எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"வேற எதைப் பத்தி?"

அவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள்.

"அந்த நாலு நாளு, அவுரு கட்டோட அங்க வந்து குந்திகினே இருந்திருக்காரு. எனக்கு இன்னாமோ ஆயிடுச்சு, இல்லாட்டி கை விசயம் எனக்குத் தெரிஞ்சிபோயி அவுர வேணாம்னு உட்டுட்டேன்னு நெனச்சினு. அதை நேத்துதான் சொன்னாரு."

மடித்த துணியையே நான் மறுபடி உதறி மடித்தேன். அவள் மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.